எண், எழுத்து, ஏபிசிடி: செஞ்சியிலிருந்து ஒரு வாசிப்பு

பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், ஆங்கில வழி. ஒருநாள் சாயங்காலம் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். சொல்வதெழுதுதல் மாதிரி எண்களைச் சொல்லி எழுத வைத்திருக்கிறார்கள். 'தேர்ட்டீன்' என்று சொன்னதற்கு 31 என்று எழுதியிருந்தாள். 'ஃபிஃப்ட்டீன்' என்றதற்கு 50. இரண்டுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அடியில், கணக்கில் கவனம் போதாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. "பதிமூணு எழுதும்மா" என்றேன். 13 என்று எழுதினாள். "பதினஞ்சு?" 15. யோசிக்கக்கூட இல்லை.

நோட்டின்படி இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை. எனக்கென்னவோ கணக்கு வந்துவிட்டது, ஆங்கிலம்தான் இன்னும் வரவில்லை என்று பட்டது. அதை அவளுடைய அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் கூட்டி அள்ளும் வேலை செய்கிறவர். மூட்டை 75 கிலோ, மூட்டைக்கு இவ்வளவு கூலி, இத்தனை மூட்டை, அதை நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு என்று நின்ற நிலையிலேயே சொல்லிவிடுவார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "நீ தமிழ்ல சொல்லிக் குடுத்து அத இன்னும் கொழப்பாத ண்ணா. தமிழ்ல கணக்கு தெரிஞ்சி நான் இன்னா ஆயிட்டேன்?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையும் பதில் அல்ல. அந்தக் கேள்வி எங்கிருந்து புறப்பட்டு என் வீட்டு வாசல்வரை வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்ததுதான். நான் தமிழ் எம்.ஏ. கணக்கோடு எனக்குப் பத்தாம் வகுப்போடு உறவு முடிந்தது. ஆகவே இது கணிதம் தெரிந்தவன் எழுதும் கணித வரலாறு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

*

தமிழில் 'கணக்கு' என்ற ஒரே சொல் பள்ளிக்கூடத்துப் பாடத்தையும் குறிக்கிறது, வரவுசெலவையும் குறிக்கிறது. கணக்கு எழுதியவர் கணக்குப்பிள்ளை. பாடமும் பதவியும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 'கணிதம்' என்று பாடப்புத்தகத்தில் அச்சடித்த பிறகும் பிள்ளைகள் "நாளைக்குக் கணக்குப் பரீச்சை" என்றுதான் சொல்கிறார்கள்.

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் காட்டி தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார்கள். கல்யாண மகாலைக் காட்டுவார்கள். 2025 ஜூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ இதையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபின் இந்தக் கதைசொல்லல் இன்னும் கூடியிருக்கிறது. நெற்களஞ்சியத்தின் முன்னால் நின்று யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்தக் கட்டடம்தான் முக்கியமாகப் படுகிறது. கோட்டையைச் சிவாஜி பிடித்தது 1677இல். எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயர் கைக்குப் போனது. 1714இல் தேசிங்கு செத்தான். 1750இல் பிரெஞ்சுக்காரன், 1761இல் இங்கிலீஷ்காரன். மேலே கொடி மாறிக்கொண்டே இருந்தது, தர்பாரின் மொழியும் மாறிக்கொண்டே இருந்தது. கீழே களத்தில் நெல்லை அளந்தது மட்டும் மரக்காலால்தான். அந்த மரக்காலைப் படிக்கத் தெரிந்தவன் கையில்தான் ஊர் இருந்தது. பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவியை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது 1980இல். அதாவது என் அப்பா காலம்வரை.

அந்தக் கணக்கைப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? திண்ணையில். எண்சுவடி என்ற ஏட்டை இன்றைக்குப் பிரித்துப் பார்க்கிற எவருக்கும் முதலில் தலை சுற்றும். நம்முடைய பிள்ளைகள் 1, 2, 3 என்று தொடங்குகிறார்கள். எண்சுவடியின் கீழ்வாய் இலக்கம் முந்திரியில் தொடங்குகிறது. முந்திரி என்றால் ஒன்றில் 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, நாலு முந்திரி ஒரு காணி (80இல் ஒன்று), நாலு காணி ஒரு மா (20இல் ஒன்று), இருபது முந்திரி ஒரு வீசம் (16இல் ஒன்று). பிறகு அரைக்கால், கால், அரை, முக்கால், ஒன்று. நெல்லிலக்கமும் இதே வழிதான். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். பெருக்கல் வாய்பாடும் குழிமாற்றும் இதற்கப்புறம்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு 320இல் ஒன்று எதற்கு என்று கேட்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு இந்தச் சுவடிகளையும் திண்ணைப் பள்ளிகளையும் வைத்துத் தென்னிந்தியாவின் எண்களும் அளவைகளும் பற்றி 2022இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. நாம் 'மனப்பாடம்' என்று இளக்காரமாகச் சொல்வது அந்தத் திண்ணையில் நடந்ததை முழுதாகச் சொல்வதில்லை. நினைவு அங்கே சேமிப்புக் கிடங்கு மட்டுமல்ல, கணக்குப் போடும் கருவியே அதுதான். காகிதமும் பென்சிலும் இல்லாத களத்தில், குவியலின் முன்னால் நின்று, வாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று உடனே சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாதவன் ஏமாறுவான். பங்கு போடுவதுதான் அந்தச் சமூகத்தின் மையமான செயல். ஆகவே பிள்ளையின் முதல் பாடமே பங்குதான், அதாவது பின்னம். இன்றைய தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் மிரள்கிற பாடம் அது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நானும் பழம்பெருமைக்காரன் ஆகிவிடுவேன். ஆகவே திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

*

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒவ்வொரு மாவட்டக் கலெக்டரிடமும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை, என்ன சாதி, ஆணா பெண்ணா என்று கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். செஞ்சி அன்றைக்குத் தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. காந்தியர் தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களை வெளியிட்டு, பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்பது பொய், ஆங்கிலேயன்தான் ஓர் அழகிய மரத்தை வேரோடு பிடுங்கினான் என்று வாதிட்டார். அவர் எடுத்துக்காட்டியவற்றுள் பளிச்சென்று தெரிவதே நம் தென்னார்க்காடுதான். இங்கே பள்ளிப் பிள்ளைகளில் 'சூத்திரர்' மற்றும் 'பிற சாதியார்' சேர்ந்து நூற்றுக்கு 84க்கு மேல்.

இந்த 84 என்ற எண் நிறைய மேடைகளில் கைதட்டல் வாங்கியிருக்கிறது. ஆனால் 'சூத்திரர்' என்ற அந்தப் பெட்டிக்குள் நிலம் வைத்திருந்த வேளாளரும் ரெட்டியாரும் கணக்கு எழுதிய சாதியாரும் சேர்ந்தே அடைபட்டிருக்கிறார்கள். சேரிப் பிள்ளைகளை எந்தத் திண்ணையில் ஏற விட்டார்கள்? மொத்தப் பிள்ளைகளில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. எண்களை வைத்து ஒரு சமூகத்தைப் புகழ்கிறபோது அந்த எண்களைச் சேகரித்த பெட்டிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டாமா?

பஞ்சமர் என்று அன்று பதிவான மக்களின் பிள்ளைகளுக்கென அரசு தனியாக யோசித்து ஆணை (எண் 68) போட்டது 1893இல்தான். மன்றோ கணக்கெடுத்து எழுபது வருடம் கழித்து. அதற்கிடையில் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது பெரும்பாலும் மிஷன் பள்ளிகளில். கூலி அளக்கிற மரக்கால் மட்டும் கொஞ்சம் சின்னதாக இருக்கும் என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நெல்லிலக்கம் தெரியாதவர்களுக்காகவே செய்த மரக்கால் அது. எண்சுவடி எவ்வளவு நேர்த்தியான அறிதல்முறையோ அவ்வளவு நேர்த்தியான வேலியும்கூட. தமிழில் இருந்ததாலேயே அது எல்லோருடையதாகவும் இருந்துவிடவில்லை. விற்பனைக்கூடத்து அம்மாவின் கேள்வியில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

*

திண்ணையின் கதையில் ஒரு வேடிக்கையான திருப்பம் உண்டு. எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். வாத்தியார் ஒருவர்தான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறான். நம்முடைய சட்டாம்பிள்ளை. பெல் இதைத் தன் விடுதியில் புகுத்தி, 1797இல் லண்டனில் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மலிவாகப் பாடம் நடத்தலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில், பள்ளிக்கூடம் எப்படிக் கண்காணித்து, தரம் பிரித்து, கற்பிக்கிற ஓர் எந்திரமானது என்று விவரிக்கும்போது இந்தச் சட்டாம்பிள்ளை முறைப் பள்ளிகளையும் எடுத்துக்காட்டுகிறார். அவர் பார்வை ஐரோப்பாவோடு நின்றுவிடுகிறது. அந்த எந்திரத்தின் ஒரு பல்சக்கரம் சென்னைத் தெருவில் எடுத்தது என்பது ஃபூக்கோவை மேற்கோள் காட்டும் நம்மவர்களுக்கும் (நான் உட்பட) அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை.

இங்கிலாந்தில் 1862இல் வேறொன்று வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் இன்ஸ்பெக்டர் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அந்த அளவுக்கே பள்ளிக்குப் பணம். சில ஆண்டுகளில் இந்த 'ரிசல்ட் கிராண்ட்' சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. திண்ணை வாத்தியார் இனி ஊராரிடம் நெல் வாங்கினால் போதாது, இன்ஸ்பெக்டரிடம் மதிப்பெண்ணும் வாங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்பது ஸ்லேட்டில் எழுதிப் போடுகிற கணக்கை. களத்தில் வாயால் சொல்கிற கணக்கு அவருடைய பட்டியலில் வராது. எண்சுவடிப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே நாளில் தெரியாததாகிவிட்டது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைப் பிள்ளை தீர்மானிப்பதில்லை, சோதிக்கிற கருவிதான் தீர்மானிக்கிறது. சிவப்பு மைப் பெருக்கல் குறிக்கு வம்சாவளி எழுதினால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்றைய கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார், ரிஷிவேலி அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டு. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அது மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள், ஏணிப்படிகள், பாயில் வட்டமாக உட்காரும் பிள்ளைகள், கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. பிறகு கொரோனா. பத்தொன்பது மாதம் பூட்டிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள். 2021 அக்டோபர் 27இல் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். 2022 ஆண்டின் 'அசர்' ஆய்வு, தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கவில்லை என்றது. அந்த ஆண்டு ஜூன் 13இல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும், 2025க்குள் என்பது இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு, அடுத்த கல்வியாண்டில் நான்கும் ஐந்தும். பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தார்கள்.

திட்டத்தின் பெயர் ஒளவையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நிலை பார்த்துப் பிரிப்பது திண்ணையில் இருந்ததுதான். அங்கே 'மூன்றாம் வகுப்பு' என்று ஒன்று கிடையாது. பாட்டும் பொம்மையுமாக நடக்கிற இந்த வகுப்புகளைப் பார்த்து முகம் சுளிக்கிற பழைய வாத்தியார்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரம்பு இல்லாமல் பிள்ளை சிரிப்பதே பெரிய விஷயம். ஆனால் எனக்கொரு சந்தேகம். எண்ணும் எழுத்தும் தமிழ், ஆங்கிலம், கணக்கு என்ற மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறது. ஆங்கில வழிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆங்கிலமும் கணக்கும் தனித்தனி அல்லவே.

*

அரசுப் பள்ளியில் எனக்கு ஏபிசிடி வந்தது மூன்றாம் வகுப்பில். அதற்குள் நூறுவரை தமிழில் எண்ணவும் கூட்டவும் கற்றிருந்தோம். மெட்ரிக் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் செஞ்சிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் வரத் தொடங்கியபின் அரசும் அந்த வழியில் போனது. 2012-13 தொடங்கி அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. கணக்குப் புத்தகமும் ஆங்கிலத்தில்.

இதனால் என்ன என்று கேட்பவர்கள் எண்களின் பெயர்களைக் கொஞ்சம் உச்சரித்துப் பார்க்க வேண்டும். தமிழில் பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும். முன்னால் பத்து, பின்னால் மூன்று. 13 என்று எழுதுகிற வரிசையும் அதுவேதான். இருபத்துமூன்று என்பது இரண்டு பத்து, மூன்று. பெயரைச் சொன்னாலே இடமதிப்பு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற பெயர்களுக்குள் பத்து இருப்பது பிள்ளையின் காதுக்குத் தெரியாது. தேர்ட்டீனில் மூன்று முன்னால் வருகிறது, பத்து பின்னால் வருகிறது. கேட்ட வரிசையில் எழுதினால் 31தான் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியது தவறல்ல, நேர்மையான கேட்டெழுத்து. ஃபிஃப்ட்டீனுக்கும் ஃபிஃப்ட்டிக்கும் உள்ள வேறுபாடு அழுத்தத்திலும் கடைசி மெய்யிலும் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது பழக வருடங்கள் ஆகும். மில்லர், ஸ்டிக்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் அமெரிக்கப் பிள்ளைகளையும் சீனப் பிள்ளைகளையும் எண்ண வைத்துப் பார்த்தார்கள். பத்தைத் தாண்டி இருபதுக்குள் அமெரிக்கப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுந்தார்கள். சீனத்தில் பதினொன்று 'பத்து ஒன்று'தான், நம்மைப்போல. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள பிள்ளையே தடுக்குகிற இடத்தில் செஞ்சிப் பிள்ளையை வெறுங்காலோடு ஓடவிடுகிறோம்.

தமிழ் எண்களுக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பதுக்குப் பிறகு தொண்ணூறும் தொள்ளாயிரமும் வருகிற இடத்தில் நூறையும் ஆயிரத்தையும் முன்கூட்டியே இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையைக் குழப்புகிறோம். இது ஏன் என்று தொல்காப்பியம் தொடங்கி இலக்கணக்காரர்கள் பேசியிருக்கிறார்கள். எம்.ஏ.யில் அதற்கு விதி எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த விதியால் எந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஆறுதல் இல்லை.

பின்னத்துக்கு வருவோம். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய் நூறு காசானது. அணாவோடு சேர்ந்து வீசமும் போனது, ஏனென்றால் வீசம் என்பதே பதினாறில் ஒன்று. அதையடுத்து மெட்ரிக் அளவைகள். தசமம் நல்லதுதான், ஊருக்கொரு மரக்கால், ஆளுக்கொரு மரக்கால் என்ற மோசடியை அது ஒழித்தது. ஆனால் கடைத்தெருவில் இன்னும் கால் கிலோ, அரை லிட்டர், ஒண்ணேகால், முக்கால் என்றுதான் பேசுகிறார்கள். நிலத்தைக் காணியில் சொல்கிறார்கள் (எங்கள் பக்கத்தில் ஒரு காணி என்பது 132 சென்ட்). பிள்ளை காலையில் கடைக்குப் போய் கால் கிலோ மல்லாட்டை வாங்கி வருகிறாள். பள்ளியில் 'ஒன் பை ஃபோர்' என்று ஒரு புதிய பேயைச் சந்திக்கிறாள். கால் என்பதும் அதுவும் ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் அறிமுகம் செய்து வைப்பதில்லை.

இதைச் சொன்னால் ஆங்கில எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை. ஆங்கிலம் வேண்டும் என்று பெரியார் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதே காரணம் இன்றும் சேரியில் உயிரோடு இருக்கிறது. திண்ணையில் ஏறவிடாத தமிழைவிட, காசு கட்டினால் உள்ளே விடுகிற ஆங்கிலம் மேல் என்று ஒரு தாய் நினைத்தால், அதை 'மோகம்' என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. என் பிள்ளையும் ஆங்கில வழியில்தான் படிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழிக் கல்விக்காக எழுதுகிற நண்பர்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். ஆங்கிலத்தை ஆங்கிலமாக, பேச்சாக, கதையாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, முதல் இரண்டு மூன்று வருடமாவது எண்ணை மட்டும் அவளுடைய வாயில் இருக்கிற மொழியில் விட்டுவைக்க ஏன் முடியாது? தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று முழு வண்டியையும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புகிற வாதத்தில் இந்தச் சின்னக் கேள்வி அடிபட்டுப் போகிறது.

*

கோட்டைக்கு வடக்கே சிங்கவரத்துக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக. கீழே இன்னொரு பாறையில் சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் கல்வெட்டு, சுமார் ஆறாம் நூற்றாண்டு. வட்டெழுத்து உருவாகிக்கொண்டிருந்த காலத்து எழுத்து. தமிழில் 'ஐ' என்ற எழுத்து கல்லில் முதலில் தென்படுவது இங்கே என்று கல்வெட்டாளர்கள் சொல்வதுண்டு. அந்த 'ஐ' வருவது ஐம்பத்தேழு என்ற சொல்லில். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய எழுத்தில் ஓர் எண்ணும் இருக்கிறது, ஒரு வாத்தியாரும் இருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அவள் அம்மாவையும் அங்கே கூட்டிப் போனேன். வெயில். பிள்ளை பாறையில் இருந்த உருவங்களை எண்ணத் தொடங்கினாள். பள்ளிப் பழக்கம், ஆங்கிலத்தில்தான். ஒன், டூ என்று மேல்வரிசை முழுக்க எண்ணி ட்வெல்வ் என்று முடித்தாள். கீழ்வரிசைக்கு வந்து தேர்ட்டீன் என்று வாயெடுத்தவள் நின்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அது பன்னெண்டு, இது பன்னெண்டு, இருபத்தி நாலும்மா" என்றாள். அவள் அம்மா என்னைப் பார்க்காமல், "இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.